சுவரில் பிடித்த மேசை

ஹட்டன் நகரில் தெருவில் நின்று பார்த்தால் ஒரே தட்டாகத் தெரியும் கடைகள், பின்பக்கப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் இரண்டு மூன்று தட்டு உயரம் இருக்கும். சரிவை வெட்டி எழுப்பிய கட்டடங்கள் அவை. தெருமட்டத்துக்குக் கீழே உள்ள அறைகளுக்கு ஒரு பக்கம்தான் வெளிச்சம். மறுபக்கம் மலையின் மண்ணைத் தாங்கி நிற்கும் கொங்கிரீட் சுவர். வாடகை குறைவு என்பதால் தச்சர்களும் ஒட்டு வேலைக்காரர்களும் அங்கேதான் பட்டறை போடுகிறார்கள்.

டிக்கோயா போகும் வீதியில் அப்படி ஓர் அறையில், தச்சு மேசையொன்றைச் சுவரோடு பிடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மலையகம் என்றாலே எழுத்தில் கொழுந்துக் கூடைதான் வருகிறது. ஸ்டோர் என்று இங்கே சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையை ஓடவைத்த பிட்டரும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கதவைச் செய்த தச்சரும் அதில் வருவதில்லை. எனக்கு அது நெடுநாள் மனக்குறை.

பட்டறையை நடத்தும் தச்சு பாஸ் அறுபதைத் தாண்டியவர். அவர் தகப்பனார் தோட்டத்து ஸ்டோரில் பிட்டர். கூடமாட வேலை செய்பவன் தங்கை மகன். நான் போனபோது பாஸ் சுவரை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்டேன்.

"இதுதான் தம்பி வேலையே. இங்க கேளுங்க, கணீர்னு இருக்கு. இந்த எடத்துல சத்தம் செத்துப்போகுது. பூச்சு சுவர விட்டுருச்சு. இதுல போல்ட் போட்டா பூச்சோட கழண்டு கைக்கு வரும்."

மேசையை எதற்குச் சுவரோடு பிடிக்க வேண்டும்? இழைப்புளியைத் தள்ளும்போது கையின் விசை முழுவதும் பக்கவாட்டில் போகிறது. தனியே நிற்கும் மேசை ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் நகரும், ஆடும். பலகையில் அலை அலையாக மேடுபள்ளம் விழும். மேலும் இந்த அறை அகலம் குறைந்தது, தரையும் சமமில்லை. பின்பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டால் முன்பக்கம் இரண்டு கால் போதும். அந்த இரண்டைத் தரைக்கு ஏற்ப அறுத்துக்கொள்ளலாம்.

முதலில் சுவரோடு படுக்கையாக ஒரு சட்டம். நாலங்குலத்துக்கு இரண்டங்குலம், டர்பன்டைன் மரம். இந்தப் பக்கத்து மரவேலையில் சவுக்கும் டர்பன்டைனும்தான் அதிகம். சவுக்கு இழைக்க எளிது, பாரம் தாங்கும் இடத்துக்கு டர்பன்டைன் என்பது பாஸின் கணக்கு. சட்டத்தின் சுவரைப் பார்க்கும் முகத்தில் கழிவு எண்ணெய் பூசியிருந்தார். ஒவ்வொரு போல்ட்டிலும் மரத்துக்கும் சுவருக்கும் நடுவே தடித்த வாசர் வைத்து ஒரு விரல் இடைவெளி விட்டார். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தச் சரிவுகளில்தான் இறங்குகிறது. சுவருக்குப் பின்னால் மண் ஊறிக் கிடக்கும், சுவர் வியர்க்கும். ஒட்டிவைத்த மரம் ஒரு மழைக்காலத்தில் கறுத்துவிடும். காற்று போய்வந்தால் பிழைக்கும்.

துளையின் ஆழத்தில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்குப் பிடித்தது. சுவர் ஆறங்குலம். துரப்பண ஊசியில் மூன்றங்குலத்தில் நாடா சுற்றி அடையாளம் வைத்தார். அந்த நாடா சுவரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஊடுருவிப் போனால் மலையின் ஈரம் அந்த வழியாக அறைக்குள் வரும். சுவரின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் குழாய்களின் வாயை மேசையோ பலகைக் குவியலோ அடைக்காதபடி முன்கூட்டியே கோடு போட்டிருந்தார். தண்ணீருக்கு வழி அடைபட்டால் அதன் பாரம் முழுவதும் சுவர்மேல்தான் ஏறும்.

மூன்றாவது துளையில் ஊசி கம்பியில் முட்டிச் சத்தம் மாறியது. மருமகன் அழுத்தப் பார்த்தான். "விடுடா, அது சுவரோட எலும்பு" என்று தடுத்து, இரண்டங்குலம் தள்ளிப் புதிதாகத் துளைக்கச் சொன்னார். பிறகு சைக்கிள் பம்பால் ஒவ்வொரு துளையிலிருந்தும் தூசியை ஊதி வெளியேற்றினார்கள். போல்ட்டின் நட்டை முறுக்க முறுக்க அதன் கூம்பு உள்ளிருந்து இழுபட்டுச் சுற்றியுள்ள உறையை விரிக்கிறது. உறை துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கிறது. பிடி முழுக்க உராய்வில் இருப்பதால், தூசி மிஞ்சினால் போல்ட் வழுக்கிக்கொண்டே வரும். சுவரின் விளிம்புக்கு மிக அருகில் போட்டால் விரிகிற விசையில் கொங்கிரீட்டே பிளந்துவிடும்.

பாஸின் தகப்பனார் காலத்தில் இந்தப் போல்ட் ஸ்டோருக்கு வந்திருக்கவில்லை. பழைய ஸ்டோர்களின் சுவர் கருங்கல் கட்டு. கல்லில் வாய் குறுகி அடி அகன்ற குழி வெட்டுவார்கள். வாலில் அரிவாள் கொத்தியதுபோல் வெட்டுகள் கொண்ட போல்ட்டைக் குழியில் நிறுத்தி, ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் இறுகியதும் இறுக்கி அடிப்பார்கள். அகன்ற அடியிலிருந்து அது மேலே வராது. கல்லும் கல்லும் சேரும் சாந்து வரியில் போடக் கூடாது, கல்லின் வயிற்றில்தான் போட வேண்டும். ஒரே எஞ்சினிலிருந்து மேலே ஓடும் நீண்ட சாப்ட்டும், அதிலிருந்து ரோலர்களுக்கு இறங்கும் தோல் பெல்ட்டுகளும் அந்தக் காலத்து முறை. சாப்ட்டைத் தாங்கிய இரும்புக் கைகள் பலவும் சுவரில் பிடித்தவையே. நாள் முழுவதும் அதிரும் ஒன்றைச் சுவரில் நிற்கவைப்பது சின்ன வேலையல்ல. ஸ்டோரில் ரோதமுனி என்ற சக்கரத் தெய்வத்துக்குப் பூசை வைத்த ஆட்களுக்கு, அந்தச் சக்கரம் கழன்றால் என்னாகும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

இலங்கைத் தேயிலையின் தொடக்கமே ஒரு மேசைதான். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதல் கொழுந்தைத் தன் பங்களா விறாந்தையில் மேசைமேல் கையால் உருட்டவைத்தார். 1872 அளவில்தான் அங்கே முறையான தொழிற்சாலை வந்தது. தோட்டங்களுக்கான பொறியியல் வேலைகளுக்கென்று பிரவுண் கம்பனி 1875இல் இதே ஹட்டனில் தொடங்கியது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தபின், கனத்த இயந்திரங்கள் மலை ஏறுவது எளிதானது. பெல்ஃபாஸ்டில் செய்த உலர்த்திகளில் சிரோக்கோ என்ற பெயர் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அவற்றைத் தரையிலும் சுவரிலும் பிடித்து நிறுத்திய ஆட்களின் பெயரைத் தாங்கிய ஒரு தகடுகூட நான் பார்த்த ஸ்டோர் எதிலும் இல்லை.

சட்டத்தை இறுக்கிய பின் தேநீர் குடித்தபடி பாஸ் தன் இளவயதைச் சொன்னார். லயத்து முன்விறாந்தையான இஸ்தோப்பில் ஒரு வைஸ் பூட்டி வெளிவேலை பார்க்க ஆசைப்பட்டாராம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைதான் காம்பரா. முதுகோடு முதுகாக மறுபக்கம் இன்னொரு குடும்பம். இங்கே சுத்தியலால் அடித்தால் அங்கே தொட்டில் ஆடும். அதையும் மீறிப் பூட்டப் போனபோது, "தோட்டத்துச் சுவருல கை வைக்கக் கூடாது" என்று தடுத்துவிட்டார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் வைஸைப் பூட்டி, மழைக்கு மேலே சாக்கு கட்டி, பல வருடம் அதில்தான் வேலை.

"ஸ்டோருல எத்தன மெசின பூட்டியிருப்பேன் தம்பி. எனக்குன்னு ஒரு போல்ட் அடிக்கச் சுவரு இல்ல."

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. சுவரின் சொந்தக்காரர் மாறிக்கொண்டே வந்தார். காம்பராவில் இருந்தவரின் நிலை அப்படியே இருந்தது. இந்த வாடகை அறையின் சொந்தக்காரர் துளை போட ஒப்புக்கொண்டதே பாஸுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மருமகன் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்திருக்கிறது. இந்திய உதவியுடன் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தபோது, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தோடு ஒப்பிட்டால் இந்த வீடுகள் பெரிய விடுதலை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காணி உறுதி கைக்கு வராமல் காத்திருக்கும் குடும்பங்கள் பல. வீட்டுத் திட்டத்தில் படுக்கையறை, சமையலறை எல்லாம் உண்டு, கைத்தொழில் செய்பவர் நின்று வேலை பார்க்க ஓர் இடம் இல்லை. தோட்ட வேலையை விட்டு வெளியே வரும் பிள்ளைகள் எதைச் செய்து பிழைப்பார்கள் என்று வரைபடம் போட்டவர்கள் கேட்டிருக்க வேண்டும். பின்புறம் ஆறடிக்குக் கூரை நீண்டிருந்தால் அங்கே ஒரு தையல் இயந்திரமோ தச்சு மேசையோ நின்றிருக்கும்.

மேற்பலகை ஏறியது. உயரத்துக்கு அளவுகோல் எடுக்கவில்லை. மருமகனைக் கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, உள்ளங்கை படிந்து பதியும் உயரத்தில் காலை அறுத்தார். இழைக்கிறவனுக்கு அந்த உயரம்தான், வைஸில் அரம் போடுகிறவனுக்கு முழங்கை அளவு வேண்டும் என்றார். ஒரு சவுக்குப் பலகையை வைத்து ஓங்கித் தள்ளினான் பையன். மேசை அசையவில்லை. "மாசி, பங்குனி வெயிலுக்கு மரம் சுருங்கும். அப்ப நட்ட இன்னொருக்கா முறுக்கணும், மறந்துறாத" என்றார்.

இதே மாதிரி ஒன்றைப் புதுவீட்டின் பின்சுவரில் பூட்டலாமா என்று மருமகன் கேட்டான். இதே மாதிரி முடியாது என்று பாஸ் தலையசைத்தார். அந்தச் சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். விரியும் போல்ட்டுக்கு அங்கே பிடிமானமில்லை, கல் உடைந்துவிடும். மறை வெட்டிய கம்பியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வரை விட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து நட்டால் இறுக்க வேண்டும். வெளிப்பக்கத் துளையைச் சாந்தால் அடைக்க வேண்டும். ஒரு துண்டு அட்டையில் கம்பியின் நீளத்தை எழுதி, கடைக்குப் போய் வெட்டி வாங்கிவரச் சொன்னார்.