வார்ப்பிரும்பா, வளைகுழாயா?

ஒரு முழ நீளமுள்ள இரும்புத் துண்டு ஒன்று, ஒரு குடும்பத்தில் இரண்டு மாத காலம் சமாதானம் இல்லாமல் செய்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால், சென்ற வருஷம் வரையில் நாம் நம்பியிருக்க மாட்டோம். பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயர் ஆகையால், இரும்பின் குணங்கள் எல்லாம் நமக்குத் தெரியும் என்றே எண்ணிக் கொண்டிருந்தோம். இரும்பு நமக்குப் பாடம் கற்பித்தது பிற்பாடுதான்.

கோயமுத்தூரில் உள்ள நமது வீட்டில் 1968-ஆம் வருஷத்து அம்பாஸடர் வண்டி ஒன்று இருக்கிறது. 1981-இல், நாம் பிறந்த வருஷத்தில், நம் தகப்பனார் அதைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்கினார். அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது. 1950-களின் கடைசியிலிருந்து உத்தரபாராவில் செய்து வந்த அந்த வகை வண்டிகளை 2014-ஆம் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் நமது வண்டி நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிறது. கோடை காலத்தில் கோத்தகிரி மலைக்கும் போய் வருகிறது.

சென்ற சித்திரையில் அப்படித்தான் புறப்பட்டோம். காலையில் வண்டியைக் கிளப்பியதும் பானட்டுக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. யந்திரம் சூடேறியதும் சத்தம் அடங்கிவிட்டது. அடங்கிய சத்தத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? மேட்டுப்பாளையம் தாண்டியதும் மழை பிடித்துக் கொண்டது. கண்ணாடிகளை ஏற்றிக் கொண்டோம். பாதி மலையில், முன் ஆசனத்தில் இருந்த நம் தாயார், "தலை வலிக்கிறதடா, வயிற்றைப் புரட்டுகிறது" என்றார். "மலைப் பாதை அல்லவா? அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னோம். பின்னால் இருந்த நமது சகதர்மிணியும் தலையைப் பிடித்துக் கொண்ட பிறகுதான் வண்டியை நிறுத்தினோம். ஒரு டீக் கடைத் தாழ்வாரத்தில், திறந்த காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு இருவருக்கும் சரியாகிவிட்டது.

மறுநாள் நமது மெக்கானிக் பாய் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸார், மேனிபோல்டு விண்டிருக்கிறது. புகை உள்ளேதான் வந்திருக்கிறது. எப்படி ஓட்டிக் கொண்டு போனீர்கள்?" என்று கேட்டார்.

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் அதைப் பற்றிக் கொள்ளும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதைப் பரீட்சைக்கு எழுதத் தெரிந்த நமக்கு, பக்கத்தில் இருந்த தாயாரின் முகத்தில் படிக்கத் தெரியவில்லை. இரும்பு விண்டதற்குக் காரணம் எளிது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தினந்தோறும் செந்தணலாகக் காய்ந்து, பிறகு குளிர்ந்து, மறுபடியும் காய்ந்திருக்கிறது. ஒரு நாள் தாங்கவில்லை. "சூடேறினால் இரும்பு விரிந்து பிளவை மூடும். ஆகையால்தான் சத்தம் அடங்கியது" என்றார் பாய். அதுவும் பௌதிகம்தான்!

பாய் இரண்டு வழிகள் சொன்னார். பழைய சாமான் கடையில் அதே வண்டியின் வார்ப்பிரும்பு மேனிபோல்டு நல்லதாக ஒன்று கிடைக்கும். விலை 3,500 ரூபாய். அல்லது, எஃகுக் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்து 'ஹெட்டர்' என்று ஒன்று செய்து வைக்கலாம். அதற்கு 14,000 ரூபாய்.

இங்கேதான் சண்டை ஆரம்பமாயிற்று. நமது புதல்வனுக்கு வயது பத்தொன்பது. என்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். ஹெட்டர் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது அவனுடைய கட்சி. தாத்தாவின் வண்டியில் ஓர் ஆணியும் மாறக் கூடாது என்பது நம்முடைய கட்சி.

"தாத்தாவே மாற்றியிருக்கிறார், அப்பா. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தது யார்? உங்களுக்கு வேண்டியது வண்டியல்ல, தாத்தாவின் ஞாபகம். அதற்குப் படம் மாட்டியிருக்கிறோமே!" என்றான்.

சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை. தகப்பனார் நல்லது என்று கண்டால் மாற்றத் தயங்காதவர். ஆகவே, பழமையைக் காரணம் காட்டும் உரிமை நமக்கு இல்லை என்று தெரிந்தது. இரண்டு பொருள்களையும் அவற்றின் யோக்கியதையைக் கொண்டே நிறுப்பது என்று இருவரும் ஒப்புக் கொண்டோம்.

மோட்டார் சங்கதி அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாயங்கால மணி அடிக்கிறது. நாலு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே தாழ்வாரத்துக்கு வந்து, அங்கிருந்து தெருவுக்குப் போகிறார்கள். மேனிபோல்டு என்பது அந்தத் தாழ்வாரம். எரிந்த புகையெல்லாம் அதில் கூடித்தான் சைலன்ஸர் குழாய்க்குப் போகும். ஹெட்டர் என்பது ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பாதை போட்டு, தெரு முனையில் ஒன்று சேர்ப்பது. அதிலே இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு குழாயில் விரைந்து செல்லும் புகை, கூடுமிடத்தில் சிறிது உறிஞ்சலை உண்டாக்கி, அடுத்த குழாயின் புகையையும் இழுத்துச் செல்லும். ஆனால் குழாயின் நீளத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப, யந்திரம் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் இந்த உதவி முழுதும் கிடைக்கும்.

பையன் படித்ததெல்லாம் அமெரிக்காவின் எட்டு உருளை யந்திரங்களைப் பற்றி. அவற்றில் பலவற்றுக்குக் கம்பெனியார் வைத்த வார்ப்புகள் குறுகலானவை. பக்கத்துக்கு நாலு உருளைகளின் புகையும் ஒரு சிறு மொத்தைக்குள் முட்டி மோதும். அங்கே ஹெட்டர் வைத்தால் பலன் உண்டு. பந்தயத்தில் ஓட்டுகிறவருக்கு அது இன்றியமையாதது. ஆயினும் அந்த நாட்டிலேயே, செவர்லே எட்டு உருளை யந்திரத்துக்கு 'ஆட்டுக் கொம்பு' என்று பெயர் பெற்ற வார்ப்பு ஒன்று உண்டு. அது தாராளமான வளைவுடையதாகையால், தெருவில் ஓட்டுகிறவர்கள் பலர் இன்றும் அதையே விரும்பி வைத்துக் கொள்கிறார்கள்.

அம்பாஸடர் கதை வேறு. அதன் 1489 கன சென்டிமீட்டர் யந்திரத்துக்கு உருளைகள் நாலு. ஆனால் புகை வெளிவரும் வாசல்கள் மூன்றுதான். நடுவிலுள்ள இரண்டு உருளைகளுக்கும், யந்திரத்தின் தலைப் பகுதிக்குள்ளேயே ஒரே வாசல். இரண்டு வகுப்புகள் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கதவு வழியாக வரும்போது, வெளியே எத்தனை பாதை போட்டால் என்ன? நல்லவேளையாக, அந்த இரண்டுக்கும் மணி ஒரே சமயத்தில் அடிப்பதில்லை. 1-3-4-2 என்ற வரிசையில் வெடிப்பதால், ஒன்றின் புகை வந்த பிறகு யந்திரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் மற்றதன் புகை வரும். ஆகவே நெரிசலும் அதிகமில்லை.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. இங்கிலாந்தில் 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் வண்டிக்கும் அடிப்படை இதே யந்திரம்தான். அம்பாஸடரில் சுமார் 50 குதிரைச் சக்தி தருவதை, அதில் 70-க்கு அருகில் தரச் செய்தார்கள். எப்படி? முக்கியமாக, கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்கள். புகை போவதற்கு வைத்தது வார்ப்பிரும்புதான்.

"கல்லூரியில் இதைச் சொல்லவில்லையே!" என்றான் பையன். பிறகு சிறிது யோசித்து, "சரி, நம் வண்டி எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று அளந்து பார்த்துவிடலாம்" என்றான். இது நமக்கு மிகவும் பிடித்தது.

பாய் விண்ட இடத்தில் தற்காலிகமாக ஒரு பூச்சுப் பூசிக் கொடுத்தார். பையன் யாரிடமோ சுழல்மானி ஒன்று இரவல் வாங்கி வந்தான். வேறு யாரையும் ஏற்றாமல், கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டுக் கோத்தகிரிக்குப் புறப்பட்டோம். நாம் ஓட்ட, அவன் மானியைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொண்டே வந்தான். சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும்போது நிமிஷத்துக்கு 2,400 சுற்று. மலை ஏற்றத்தில் 1,800-க்கும் 2,800-க்கும் இடையில். மூவாயிரத்தைத் தாண்டியது, மொத்தப் பிரயாணத்தில் நாலே நிமிஷம். அதுவும் ஒரு லாரியை முந்துவதற்காக. ஹெட்டரின் சாமர்த்தியமெல்லாம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் ஆரம்பமாகும்.

கோத்தகிரியில் டீ குடிக்கும்போது, பையன் நோட்டை வெகு நேரம் புரட்டிக் கொண்டிருந்தான். "நாலு நிமிஷத்துக்குப் பதினாலாயிரம் ரூபாய்" என்று அவனாகவே சொன்னான். மற்றக் குறைகளையும் அவனே அடுக்கினான். இந்த யந்திரத்தில் கார்புரேட்டர் புகைக் குழாயின் பக்கத்திலேயே இருக்கிறது. மெல்லிய எஃகுக் குழாய் வெப்பத்தைத் தாராளமாகச் சுற்றிலும் வீசும். அவிநாசி ரோடு நெரிசலில் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுவிடும். கனத்த இரும்பு விழுங்கிவிடும் சத்தத்தை மெல்லிய குழாய் வெளியே விட்டுவிடும். இதற்கெல்லாம் பீங்கான் பூச்சு, கனமான தகடு என்று பரிகாரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி விலையும் உண்டு. கடைசியில், குரலைத் தாழ்த்திக் கொண்டு, "வெல்டிங் விட்டுப் போனால் பாட்டிக்கு மறுபடியும் அதே புகைதானே, அப்பா?" என்றான். அவன் மனத்திலும் அந்த மழை நாள் இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

மறு வாரம் வார்ப்பிரும்பு வாங்கி வந்தோம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த வார்ப்பின் வாய்களில் பிசிறும் மேடுமாக இருந்தன. யந்திரத்தின் வாசலோடு அவை சரியாகப் பொருந்தவில்லை. பையன் பேக்கிங் தகட்டை அதன்மேல் வைத்துக் கோடு கிழித்து, அரத்தை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தான். நாலு சாயங்காலம் ராவினான். பாய் பட்டறையில் தளமட்டம் பார்த்து முகத்தைச் சீவிக் கொடுத்தார். புதுப் பேக்கிங் வைத்து நட்டுகளை முடுக்கியவனும் பையனே. முதலில் நடுவில், பிறகு ஓரங்களில், ஒரே அளவாக. மறுநாள் வண்டியைச் சூடேற்றி ஆறவிட்டு, மறுபடியும் ஒரு முறை முடுக்கினான்.

அவன் ராவிய இடம் இரும்புக்குள் இருக்கிறது. இனி யார் கண்ணுக்கும் தெரியாது. தாத்தாவின் வண்டியில் அவனுடைய கைவேலை ஒன்று சேர வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை என்பதை, இரண்டு மாதம் சண்டை போட்ட பிறகு நாம் புரிந்து கொண்டோம். முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், நாம் கேட்கவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தயத்துக்குப் போவதானாலும், யந்திரத்துக்குத் தனித்தனி வாசல்கள் இருந்து கம்பெனி வார்ப்பு குறுகலாக இருந்தாலும், தாராளமாக ஹெட்டர் வையுங்கள். நல்ல கை செய்ததாக வையுங்கள். மற்றபடி, உங்கள் வண்டி எந்த வேகத்தில் வாழ்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். எதை வைத்தாலும், காலையில் "டிக், டிக்" என்று கேட்டால் அன்றே பானட்டைத் திறந்துவிடுங்கள்.

சென்ற மாதம் மறுபடியும் கோத்தகிரிக்குப் போனோம். தாயார் முன் ஆசனத்தில்தான் உட்கார்ந்தார். மலையில் மழை பெய்தது. கண்ணாடியை ஏற்றுவதற்கு நம் கை தயங்கியது. "ஏற்றடா, குளிருகிறது. பேரன் பண்ணின வேலை, ஒன்றும் ஆகாது" என்றார். ஏற்றினோம். ஆயினும், மேலே போய்ச் சேருகிற வரையில், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துக் கொண்டேதான் ஓட்டினோம்.