பிரயாணக் கணக்கு

யாத்திரை புறப்படும் குடும்பத்தார் ரயில் சார்ஜு இவ்வளவு, சாப்பாட்டுச் செலவு இவ்வளவு என்று கணக்குப் போடுவது வழக்கம். அந்தப் பிரயாணத்தினால் பூமிக்கு என்ன செலவு என்று பார்ப்பவர் அரியர். பிள்ளைகளைக் கல்விப் பிரயாணமாக வெளிநாடு அனுப்பும் ஆசை கொங்கு நாட்டிலும் பரவிவரும் இந்நாளில், அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாமென்று எங்களுக்குத் தோன்றியது.

கானடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில், வில்லியம் ரீஸ் என்னும் பேராசிரியரும் அவர் மாணவர் வாக்கர்நாகலும் 1990களில் இதற்கோர் அளவுகோல் வகுத்தார்கள். மனிதன் உண்பதும் உடுப்பதும் விளைய எவ்வளவு நிலம் வேண்டும், அவன் எழுப்பும் கரியமில வாயுவை உட்கொள்ள எவ்வளவு காடு வேண்டும் என்று யாவற்றையும் நிலப்பரப்பாக்கிச் சொல்வது அவர்கள் முறை. அதற்குச் 'சூழலியல் அடிச்சுவடு' என்று பெயர். ஆகாய யாத்திரையில் பெரும் பங்கு கரியமில வாயுவுக்கே உரியது.

கழிவு நீரைச் சுத்தம் செய்து மீண்டும் உபயோகிப்பதில் சிங்கப்பூர் 2003 முதல் பெயர் பெற்றிருக்கிறது. அதைக் கற்க நாற்பது மாணவர்கள் பீளமேட்டில் விமானம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். போகவர ஏறக்குறைய 6,300 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 90 கிராம் என்று கொண்டால், ஆள் ஒன்றுக்கு 570 கிலோ. நாற்பது பேருக்கு 22 டன்னுக்கு மேல்! இந்தியர் ஒருவருக்கு வருஷம் முழுவதற்கும் சராசரி ஏறத்தாழ இரண்டு டன்தான். ஆகவே, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பங்கு சில மணி நேரத்தில் செலவாகிவிடுகிறது. அறையும் உணவும் இதில் சேரவில்லை.

இதே பாடத்தை அருகில் கற்க முடியுமா என்று பார்க்க, கோயமுத்தூரில் ரயிலேறித் திருப்பூர் சேர்ந்தோம். ஐம்பது கிலோமீட்டர், போகவர ஆளுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஆகாது. பாலத்தின்மேல் நின்று நொய்யலைப் பார்த்தோம். வெள்ளியங்கிரிச் சாரலில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலருகே தவழ்ந்து, குளங்களை நிரப்பிக் காவிரியை நாடும் புண்ணிய நதி! இங்கே ஊர்ச் சாக்கடையைச் சுமந்து கறுத்துக் கிடக்கிறது. ஒரு காலத்தில் சாயப்பட்டறைக் கழிவும் இதில் கலந்தது. அயல் நாட்டார் உடுத்தும் பனியனின் அடிச்சுவடு கொங்கு நாட்டு ஆற்றில் பதிந்தது. பாசனத்துக்கென்று 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாக மாறிற்று. குடியானவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் 700க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

சொட்டு நீரும் வெளியே விடலாகாது என்ற நிபந்தனையின் பேரிலேயே பட்டறைகள் மீண்டும் திறந்தன. நுண்ணுயிர்களால் கழிவைச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி, உப்பையும் மீட்டுச் சாயத்துக்கே உபயோகிக்கிறார்கள். இதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாக வேண்டும், கசடும் மிஞ்சுகிறது. ஒரு சுவட்டை அழிக்க இன்னொரு சுவடு பதிகிறது என்னும் பாடத்தையும் மாணவர் இங்கே கற்கலாம்.

கடல் கடப்பதே கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு பல தேசங்களைச் சுற்றியவரே. ஆயினும் கண்டதைக் கொண்டு இங்கே தொழில் வளர்த்தார். அப்படிப்பட்ட யாத்திரையின் கடன் தீர்ந்துவிடும்.

ஆதலால் பெற்றோருக்கு எங்கள் விண்ணப்பம் இது: பிள்ளைகள் முதலில் நொய்யலைத் தலை முதல் கடை வரை காணட்டும். அதற்கு மேலும் அயல்நாட்டில் கற்க வேண்டியது இன்னதென்று அவர்களே எழுதிக் காட்டட்டும். 22 டன்னுக்கு அது ஈடாகுமானால், மனமார ஆசீர்வதித்து அனுப்புங்கள்.