அன்னையின் காற்புண்

இக்கல்லூரியின் பழைய மாணவராகிய யாம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் எம் அன்னையாருடன் வாழ்கின்றோம். 2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர்தம் கணுக்காலின்மேல் ஒரு புண் கண்டது. பிள்ளைக்குச் செலவாகுமென்றெண்ணி, அதனைப் பழந்துணியாற் சுற்றிச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார். யாம் அறிந்தபோது அது ஆழ்ந்துவிட்டது.

முதியோர் தம் இல்லத்திலேயே வாழும்பொருட்டு அந்நாட்டு அரசாங்கம் பொருளுதவி செய்கின்றது. 2025 நவம்பர் 1 முதல் ‘சப்போர்ட் அட் ஹோம்’ என வழங்கும் அத்திட்டத்தில் அன்னையாரும் சேர்ந்திருந்தார். யாமோ அத்தொகையை வீடு பெருக்கவும் புல் வெட்டவுமே பயன்படுத்தினோம். செவிலியர் வந்து புண் கட்டுதலும், கட்டுத்துணி முதலியனவும் அதனுள் அடங்கும் என்பதை வினவி அறிந்திலோம். முழு ஓய்வூதியம் பெறும் அன்னையார் வீட்டு வேலைக்கு நூற்றுக்குப் 17.5 பங்கு தாமே செலுத்தவேண்டும். செவிலியர் பணிக்கோ அவர் பங்கு ஒன்றுமில்லை!

சேவை நிலையத்தாரிடம் சொல்லிப் பராமரிப்புத் திட்டத்தைத் திருத்தி, புல் வெட்டும் நாள்களைக் குறைத்தோம். வந்த செவிலியம்மையார் முதலிற் காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தார். பின்பு விரலடி தொடங்கி முழங்கால்வரை இறுகக் கட்டினார். அயல்மாது பாதத்தைத் தொட்டபோது அன்னையார் கூசிக் காலை இழுத்துக்கொண்டார். அம்மையார் புன்னகையோடு காத்திருந்தார். மூன்று திங்களிற் புண் ஆறிற்று.

தோட்டத்துப் புல்லைக் கண்ட எம் கண்கள் அன்னையின் காலைக் காணவில்லை. மாணவ நண்பர்களே, உதவி இருந்தும் வினவாதிருத்தல் ஒருவகை வறுமையே. உங்கள் இல்லத்து முதியோர் மறைப்பதை நீங்களே சென்று கேளுங்கள்.