திறவுகோல் யாரிடம்?

எங்கள் ஹட்டன் தோட்டப்புறத்தில் தொழிலாளி ஒருவர் மறைந்தால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஊழியர் சேமலாப நிதியை, அவர் பெயர் குறித்து வைத்தவர் கோரிப் பெறலாம். ஆயின், மத்திய கிழக்கில் பணிபுரியும் தாயொருத்தி மறைந்தால், கூகிள் கணக்கில் அவள் சேர்த்துவைத்த படங்களும் மடல்களும் யாரைச் சேரும்? லயத்தில் அவள் பிள்ளைகளைக் காத்துவரும் பாட்டிக்கு அவற்றைத் திறக்கும் உரிமை உண்டோ?

2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், இறுதி விருப்பாவணத்தையும் நம்பிக்கைப் பொறுப்பையும் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியது. அமெரிக்க மாநிலங்கள் பல ஏற்றுள்ள 2015ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தின்படியும், மறைந்தவரின் முன்னிசைவோ நீதிமன்றக் கட்டளையோ இன்றி மடல்களின் உள்ளடக்கம் பொறுப்பாளருக்குக் கிட்டாது.

எனவே, உயிருள்ளபோதே பெயர் குறிப்பதே வழியென எண்ணுகின்றேன். கூகிள் 2013 முதல் அதற்கு இடமளிக்கின்றது. சேமலாபப் படிவத்தில் பெயரெழுதும் கை இங்கும் ஒரு பெயரை எழுதுதல் வேண்டும். பணம் பசியாற்றும், தாய்முகம் காண வேறு வழியில்லாப் பிள்ளைக்கு அப்படமும் சொத்தே.