அம்மாவின் படமும் இரண்டு கமராக்களும்

போன மார்கழியில் ஒருநாள் பின்னேரம், குசினி மேசையில் நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா திடீரெண்டு சொன்னா: "தம்பி, எனக்கு ஒரு நல்ல படம் எடுத்து வையடா. பிறகு அந்தரத்தில பாஸ்போட்டில கிடக்கிற மூஞ்சியைப் போட்டிடாதேங்கோ."

அவ கேட்டது செத்தவீட்டுப் படம். மனைவி "உதென்ன கதை மாமி" என்று பேசிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு படமும் இல்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அல்பம் இருந்த பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. பிறகு போய்ப் பார்த்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. இப்போது சுவரில் தொங்குவது அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. அதில் இருப்பவர் ஆரோ ஒருத்தர் மாதிரித்தான் எனக்கு எப்போதும் தெரியும்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள துக்கம் என்று நினைத்திருந்தேன். 2017 வைகாசியில் ஆறு பெருகி பியர்போன்ஸ்-ரொக்ஸ்பரோவுக்குள் வெள்ளம் வந்து, மொன்றியல் நகரம் அவசரநிலை அறிவித்ததே, அந்த நாட்களில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வயதுபோன பிரெஞ்சுக்கார அம்மா நனைந்த படங்களை உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டுக்கொண்டு நின்றதைக் கண்டேன். சோபா, பிறிட்ஜ் எல்லாம் தெருவோரத்தில் குப்பையாகக் கிடந்தன. அவ அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சரி, கமராக் கதைக்கு வருகிறேன்.

கைத்தொலைபேசியால் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மகளும் அதைத்தான் கேட்டாள். எடுத்துப் பார்த்தோம். அது தன்பாட்டில் அம்மாவின் சுருக்கங்களை மெழுகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு "ஆர் உது, கொக்காவோ?" என்றா.

அந்த நேரம் பார்த்து இரண்டு கமராக்கள் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்தன. முன்பு கலியாண வீடுகளுக்குப் படமெடுத்த நண்பரிடம் நிக்கொன் டி700 கிடந்தது. 2008இல் வந்த தொழில்முறைக் கமரா. வரும்போது விலை ஏறக்குறைய 3000 அமெரிக்க டொலர். அந்த வருடம் நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து போகும்போது டவுன்ரவுன் கடைக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்துவிட்டுப் போவேன். மற்றது மருமகன் வாங்கி, நாலு தரம் பாவித்து, அலுமாரியில் போட்ட நிக்கொன் டி5600. 2016இல் வந்தது, பழகுபவர்களுக்கானது. கண்ணாடியில்லாக் கமராக்களின் காலத்தில் இரண்டுமே பழசுதான். ஆனால் ஒன்று பழைய ராசா, மற்றது புதுப் பெடியன்.

என் மனம் ராசாவில் கிடந்ததற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் எடுபிடியாக நின்றனான். கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரி வராது. ஜாம்போத்தில் விளக்கிலும் சைக்கிள் டைனமோவிலும் சீவித்த காலம். ஆனால் முதலாளியின் நிக்கொன் எஃப்எம்2 பற்றரி இல்லாமலும் வேலை செய்யும். அதன் ஷட்டர் முழுக்க இயந்திரம், பற்றரி தேவைப்படுவது வெளிச்சம் அளக்கிற மீற்றருக்கு மட்டும். முதலாளி வானத்தைப் பார்த்துக் கணக்குப்போட்டு அடிப்பார். பிலிம் தங்கம் மாதிரி. எனக்கு அந்தக் கமராவைத் துடைக்க மட்டும்தான் அனுமதி. ஒருநாளாவது அமத்தத் தந்ததில்லை. டி700ஐக் கையில் எடுத்தபோது அந்தக் குளிர்ந்த உலோகப் பாரம்தான் நினைவுக்கு வந்தது.

இனிக் கணக்கு. டி700இன் சென்சர் பழைய பிலிம் அளவு, 36க்கு 24 மில்லிமீற்றர். டி5600இல் 23.5க்கு 15.6. பரப்பில் இரண்டேகால் மடங்குக்கு மேல் வித்தியாசம். மற்றப்பக்கம் பழசில் 12 மெகாபிக்சல், புதிசில் 24. அம்மாவின் படத்துக்கு 12 தாராளம். என்னிடம் ஏற்கனவே மோட்டார் இல்லாத பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று இருக்கிறது. டி700க்குள் மோட்டார் உண்டு, தானாகக் குவிக்கும். டி5600க்குள் இல்லை, கையால் திருக வேண்டும். ஐம்பதை எட்டும் கண்ணுக்கு அது பெரிய சோதினை. போதாததற்கு, சின்ன சென்சரில் 50 லென்ஸ் 75 மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் குசினியில் அவ்வளவு தூரம் பின்னுக்குப் போனால் குளியலறைக்குள்தான் நிற்க வேண்டும்.

ஆக, டி700தான் என்று முடிவுகட்டி, இரண்டையும் ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு பிளாஷ் அடிக்கக் கூடாது. பரா லைற் நினைவு. இத்தனை வருடம் கழித்தும் வெளிச்சம் வெட்டினால் தோள் ஒடுங்கிவிடும். மொன்றியலில் மார்கழியில் நாலேகாலுக்கே பொழுது பட்டுவிடும். எனவே குசினி லைற்றில் எடுக்க வேண்டும்.

முதல்நாள் டி700, ஐஎஸ்ஓ 3200. படம் துல்லியம். பதினேழு வருடத்துக்கும் மேற்பட்ட இயந்திரம் என்று ஆரும் சொல்ல மாட்டார்கள். டி5600ஐ அதன் கூடவந்த லென்ஸோடு எடுத்தால் ஒரே கலக்கல். எனக்குச் சந்தோசம். ஆனால் அது நியாயமான போட்டியில்லை. அந்த லென்ஸ் முழுக்க இழுத்தால் எஃப் 5.6. என் 50 எஃப் 1.8, ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். எனவே ஒருவரிடம் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் வாங்கி டி5600இல் போட்டேன். அதற்குள் மோட்டாரும் உண்டு. இரண்டு படங்களையும் ஒரே அளவில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருட்டுப் பகுதியில் டி700 கொஞ்சம் சுத்தம். கொஞ்சம்தான். சண்டை கமராக்களுக்கிடையில் இல்லை, லென்ஸ்களுக்கிடையில்தான் என்று அப்போது விளங்கியது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. டி700இல் எடுத்த எல்லாப் படத்திலும் அம்மா அடையாள அட்டைக்கு இருந்த மாதிரி இருந்தா. நாடி நிமிர்ந்து, கண் விறைத்து. லென்ஸ் இல்லாமலே ஒரு கிலோ வருகிற கறுப்புச் சாமான், என் முகத்தை முழுக்க மறைக்கும். ஷட்டர் சத்தம் பக்கத்து அப்பாட்மென்ருக்குக் கேட்கும். நாலாவது படத்தில் அம்மா கையை உயர்த்தினா.

"உதை ஏன் மோனை துவக்கு மாதிரி நீட்டுறாய்?"

நான் கமராவைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருடம் ஆசைப்பட்ட சாமான். என்ன செய்வது.

அடுத்தநாள் டி5600. பாரம் பாதிகூட இல்லை. அதன் திரையை வெளியே இழுத்து மேல்நோக்கித் திருப்பலாம். கமராவை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் குறைக்கிற முறையில் போட்டு, அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்து எடுக்கும்போது குவிவது மெதுவு. பறவை பறந்தால் தவறிவிடும். நெத்தலி கிள்ளுகிற அம்மா எங்கே பறக்கப் போறா? சாவகச்சேரியில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடம், அங்கே ஒரு மனுசி இரவல் தந்த தாச்சி, திருப்பிக் குடுக்காமல் வந்தது எல்லாம் சொன்னா. தாச்சிக் கதையில் சிரித்தா. அப்போது அமத்தினேன்.

டி700ஐக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தேன். நண்பர் "உனக்கென்ன விசரே" என்றார். கலியாணம் எடுப்பவனுக்கு, பழைய லென்ஸ்கள் பெட்டி நிறைய வைத்திருப்பவனுக்கு, இன்றைக்கும் அதை வாங்கச் சொல்வேன். மருமகனுக்குக் காசு குடுத்தேன், 35 லென்ஸும் ஒன்று வாங்கினேன்.

அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்தா. கருவாட்டுக் கை படக்கூடாதென்று புறங்கையால் கமராவைத் தள்ளிவிட்டு, "பல்லுத் தெரியுது. செத்தவீட்டுக்குச் சரிவராது. இன்னொண்டு எடு" என்றா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டா:

"றோல் முடிஞ்சு போச்சோ?"

"இல்லையம்மா, இன்னும் கிடக்கு."