கூடி வாழ்வதா? பிரிந்து போவதா?

பல நாடுகள் மனமுவந்து ஏற்படுத்திக்கொண்ட ஓர் ஒன்றியத்திலிருந்து ஒரு நாடு விலகிச் செல்லலாமா? இக்கேள்விக்குப் பிரிட்டன் மக்கள் 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் வாக்குச் சீட்டினால் விடை கூறினர். விலகவேண்டும் என்றோர் நூற்றுக்கு 51.9 பேர், இருக்கவேண்டும் என்றோர் 48.1 பேர். 2020 ஜனவரி 31-ஆம் நாள் இரவோடு ஐரோப்பாவுடன் இருந்த 47 ஆண்டுக்கால உறவு முறிந்தது. கடல் கடந்த நாட்டின் அரசியல் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், அவ்வொன்றியம் பிறந்த வரலாற்றை அறிந்த கத்தோலிக்கராகிய நாம் இதனை வெறும் வாணிபச் செய்தியாக வாசித்துவிட இயலாது.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1950 மே 9-ஆம் நாள் பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். நாள்தோறும் திருப்பலி காணும் பக்தர் அவர். எல்லைப்புறமான லொரேன் பகுதிக் குடும்பத்தில் ஜெர்மானியக் குடிமகனாகப் பிறந்து, பின்னர் பிரெஞ்சுக் குடிமகனானவர். போர்க் காலத்தில் நாஜிகளின் சிறையிலும் வாடியவர். பீரங்கி வார்க்க வேண்டுவன நிலக்கரியும் எஃகும். இவ்விரண்டையும் பிரான்சும் ஜெர்மனியும் ஒரே பொது ஆணையத்தின்கீழ் வைத்துவிட்டால், இனி ஒருவர்மீது ஒருவர் படையெடுக்க இயலாது என்று அவர் கருதினார். ஜெர்மனியின் அடனோவரும் இத்தாலியின் தெ காஸ்பெரியும் துணை நின்றனர், இருவரும் கத்தோலிக்கரே. 1951-இல் ஆறு நாடுகள் உடன்படிக்கை செய்தன. 1957-இல் உரோமை நகரில் பொதுச் சந்தைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஷூமனை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். பகைவர் இருவரை ஒரே தொழிலில் பங்காளிகளாக்கிய அந்த அறிவைத் திருச்சபை மறக்கவில்லை.

விலக நினைத்தோரை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. தம் சட்டங்கள் தொலைவிலுள்ள பிரஸ்ஸெல்ஸில் உருவாவதை அவர்கள் விரும்பவில்லை. பழைய ஆலைகள் மூடிய ஊர்களில், தம் குரல் எவர் செவியிலும் ஏறவில்லை என்னும் மனக்குறை நெடுங்காலமாய் இருந்தது. சிறிய சமூகம் தானே செய்துகொள்ளத்தக்கதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931-இலேயே திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் போதித்தார். 1992-இல் கையொப்பமான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலும் அக்கொள்கை இடம்பெற்றது. ஏட்டில் எழுதியதை ஒன்றியம் எப்பொழுதும் நடைமுறையில் காட்டிற்று என்று நாம் சொல்லமாட்டோம்.

எனினும், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் உவமை கூறினார் அன்றோ? வாரந்தோறும் 35 கோடி பவுன் ஒன்றியத்துக்குச் செல்கிறது என்று பேருந்தில் எழுதி ஊரூராய்ச் சுற்றினர். பிரிட்டனுக்கு அளிக்கப்பட்ட தள்ளுபடி அக்கணக்கில் கழிக்கப்படவில்லை. அதனினும் பெரிய செலவொன்று ஏறக்குறைய எண்ணப்படாமலே நின்றது. அதுதான் வட அயர்லாந்து.

அங்கே சுமார் முப்பது ஆண்டுகள் நீடித்த பூசலில் 3,500-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். 1998-இல், பெரிய வெள்ளியன்று, சமாதான உடன்படிக்கை உருவாயிற்று. எல்லையிலிருந்த இராணுவக் காவல் நிலைகள் அகற்றப்பட்டன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரே ஒன்றியத்தில் இருந்தமையால், சுமார் 500 கிலோமீட்டர் நீளமான அவ்வெல்லையை மக்கள் உணராமலே கடந்து சென்றனர். 1921-இல் அரசியலார் கோடு கிழித்தபோது திருச்சபை தன் மறைமாவட்டங்களைப் பிரிக்கவில்லை. அர்மா, டெரி, க்ளோகர் ஆகியவை இன்றும் எல்லைக்கு இருபுறமும் பரவியுள்ளன. முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் வாக்கெடுப்புக்கு முன்னரே டெரி நகருக்குச் சென்று எச்சரித்தனர். வட அயர்லாந்து மக்களில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 55.8 பேர் ஒன்றியத்தில் இருக்கவே விரும்பினர். ஆயினும் பெரும்பான்மை வேறாயிற்று. நிலத்தில் சோதனைச் சாவடி எழாதிருக்க, கடல்வழிச் சரக்குகளைச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. அதனை எதிர்த்து ஒரு பெரிய கட்சி ஒதுங்கவே, 2022 பிப்ரவரி முதல் ஈராண்டுக் காலம் அங்கே கூட்டாட்சி நின்றுபோயிற்று.

நம் ஊர்களில் பாகப்பிரிவினை நடக்கும்போது வயலை அளப்பது எளிது. பொதுக் கிணறுதான் சிக்கல். அறிவுள்ள பெரியோர் கிணற்றுக்கு முதலில் வழி செய்துவிட்டுப் பிறகே வரப்பைத் தொடுவர். பிரிட்டனில் வரப்பு முதலில் போடப்பட்டது. கிணற்றைப் பற்றிய பேச்சு பின்னரே வந்தது.

ஒன்றியம் சிறைக்கூடமன்று, விலகும் உரிமை லிஸ்பன் உடன்படிக்கையிலேயே உண்டு. ஒரு நாட்டை நசுக்கும் கூட்டிலிருந்து அது வெளியேறுவது பாவமுமன்று. ஆனால் உரிமை உண்டு என்பதனாலேயே ஒரு செயல் நன்றாகிவிடாது. பழைய பகையை ஆற்றிவைத்த உறவை, உள்ளிருந்து திருத்தப் பொறுமையுடன் முயலாமல் அறுப்பது தகாது. ஆகவே பிரிட்டன் விலகியிருக்க வேண்டியதில்லை என்பதே நம் துணிபு. இலாப நட்டத்தைப் பொருளாதார அறிஞர் கணக்கிடட்டும். கிறிஸ்தவன் கேட்க வேண்டியது ஒன்று: நாம் வெளியேறினால், நடுவே நிற்கும் எளியவன் வாசலில் மீண்டும் சுவர் எழுமா? பிரிந்திருந்த இரு இனத்தாரின் நடுவிலிருந்த சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று புனித சின்னப்பர் எழுதினார். நாட்டிலாயினும் வீட்டிலாயினும், அச்சுவரின் கற்களை மீண்டும் அடுக்குவோர் நாமாக இராதிருப்போமாக.