வடக்கு மேலே இல்லாத படம்

ஒரு பிள்ளை கீறிய தேசப்படத்தில் புவியியல் ஆசிரியை ஒருத்தி போட்ட பிழைக்குறியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அந்த ஆசிரியை நான்தான்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். மன்னார்த் தீவில் இருந்த நாங்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். பிறகு புத்தளத்துக் கிடுகுக் கொட்டில் வாழ்க்கை. ஆசிரியர் பயிற்சி முடித்து, 1997இல் அகதிப் பிள்ளைகளின் பின்னேரப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கத் தொடங்கினேன். படத்தில் வடக்கு மேலே இருக்கவேண்டும், அளவுத்திட்டம் வேண்டும், குறியீடு வேண்டும்: பயிற்சியில் நான் பெற்றது இவ்வளவுதான். அச்சுப் படத்தைப் பார்த்துக் கீறத் தெரியும். நான் நடக்கும் ஒழுங்கையை ஒருநாளும் கீறிப் பார்த்ததில்லை.

"உங்கள் ஊரைக் கீறி வாருங்கள்" என்றேன். பாவம், அந்தப் பிள்ளைகள் ஊரைக் கண்டதே இல்லை. பலர் புத்தளத்தைப் போலவே மேற்கில் தண்ணீரைக் கீறியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் எருக்கலம்பிட்டியைக் கீறிக் கடலைத் தாளின் வலப்பக்கம் வைத்திருந்தாள். எங்கள் ஊருக்குக் கடல் வடக்கே அல்லவா? சிவப்பு மையால் பிழை போட்டுவிட்டேன்.

மறுநாள் அவளுடைய உம்மம்மா வந்தார். கோபிக்கவில்லை.

"மகள், நம்மட ஊர்ல தொழுகைப் பாயில நிண்டா கடல் எந்தக் கைப்பக்கம்?"

நின்று பார்த்தேன். முன்னால் பேசாலை, தலைமன்னார். முதுகுப் பக்கம் மன்னார் டவுன். இடக்கைப் பக்கம் தலைமன்னார் வீதி. வலக்கைப் பக்கம் கடல்! கிப்லாவைத் தாளின் தலைப்பில் வைத்து அவர் சொல்லச் சொல்லப் பேத்தி கீறியிருக்கிறாள். தாளைக் கால்வாசி திருப்பினேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. 1154இல் அல் இத்ரீசி வரைந்த உலகப்படத்தில் தெற்கே மேலே இருக்கும். அவருக்கும் நான் பிழை போட்டிருப்பேன்!

பின்னாளில் சேவைக்காலப் பயிற்சிகளில் இளம் ஆசிரியைகளுக்கு வகுப்பெடுக்கும்போது அச்சுப்படத்தை முதலில் எடுப்பதில்லை. கண்ணை மூடிக் கொண்டு கிப்லா எது, கடல் எது, பஸ் வரும் வீதி எது என்று கைநீட்டச் சொல்வேன். பட்டதாரிகளின் கைகளும் நாலா பக்கமும் போகும், சிரிப்பார்கள். கிப்லா இங்கே நேர் மேற்கல்ல, சற்று வடக்கே சாய்ந்தது என்பதே சிலருக்குப் புதுச்செய்தி. பிறகு எட்டு எண்ணி நடந்து, நடந்ததைக் கீறவேண்டும். அதன்பிறகுதான் 1:50,000 இடவிளக்கப் படம். அதில் ஒரு கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றர். ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான எங்கள் தீவு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட வரும். சோளகக் காற்றில் தென்கரை கொந்தளிக்கும்போது வடகரை ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று அப்போது கேட்டால், வாய்ப்பாடமாக இல்லாமல் படத்தில் விரல் வைத்துச் சொல்கிறார்கள். தான் செய்து பாராததை ஆசிரியை பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பாள்?

உம்மம்மா புத்தளத்திலேயே மௌத்தானார். 2009இல் யுத்தம் முடிந்தபின் அந்தப் பேத்தி தன் கணவரோடு காணியைப் பார்க்கப் போனாள். எங்கும் பற்றைக்காடு. பழைய வேம்பு மட்டும் நின்றதாம். படத்தில் வேம்பிலிருந்து கிணற்றுக்கு 18 எட்டு என்று எழுதியிருந்தது. கிப்லாவைப் பார்த்து நின்று வலக்கைப் பக்கம் எண்ணி நடந்திருக்கிறாள். அவளுக்குக் கால் நீளம். பதினைந்தாவது எட்டிலேயே கிணற்றுக் கட்டு காலில் தட்டுப்பட்டதாம்.

படத்தை என்னிடம் காட்டினாள். என் சிவப்புக் குறி இன்னும் அதில் இருக்கிறது.